நீர்மேல் ஓர் அங்காடி



புதுச்சேரியில் வாழும் நமக்குப் படகு புதியதன்று. விடுமுறை நாளில் கடலூர்ச் சாலை வழியே நோணாங்குப்பம் சென்று, சுண்ணாம்பாற்றில் படகேறி, ஆறு கடலோடு கலக்கும் மணல்வெளிவரை போய் வந்தவர் உங்களுள் பலர் இருப்பர். நமக்குக் கிழக்கே கடல் இருக்கிறது. தெற்கே அரியாங்குப்பத்து ஆறு ஓடுகிறது. மேற்கே ஊசுட்டேரி பரந்து கிடக்கிறது. நகரின் நடுவிலேயே பெரிய வாய்க்கால் செல்கிறது. இத்துணை நீர் சூழ்ந்திருந்தும், நம் ஊரில் காய்கறி வாங்குவதற்காகப் படகில் ஏறியவர் எவரும் இலர்.

ஆனால், வங்கக் கடலுக்கு அப்பால், தாய்லாந்து என்று இன்று வழங்கும் சயாம் நாட்டில், காயும் கனியும் மீனும் சுடச்சுடச் சமைத்த உணவும் படகிலேயே விற்கப்பட்டன. படகில் வந்தவர்களே அவற்றை வாங்கிச் சென்றனர். கடைத்தெரு முழுவதும் நீர்மேல் இருந்தது. மிதக்கும் சந்தை என்று அதனைக் கூறுவர். இன்று அச்சந்தைகளைக் காண்பதற்கும், படகில் சமைக்கும் உணவை உண்பதற்கும், ஒரு காலைப்பொழுதை இன்பமாகக் கழிப்பதற்கும் உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் செல்கின்றனர். நம் நாட்டிலிருந்து செல்வோரும் பலர்.

அங்கே அப்படி ஒரு சந்தை ஏன் தோன்றியது? நீர்வளம் இருந்தும் இங்கே ஏன் தோன்றவில்லை? இந்த வினாவுக்கு விடை தேடினால், சயாமைப் பற்றி மட்டுமின்றி, நாள்தோறும் நாம் நடந்து போகும் நம் பெரிய கடையைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொள்ளலாம்.

முதலில் நம் கடலைப் பார்ப்போம். புதுச்சேரிக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அலைகள் கரையை ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும். ஆகவே பெரிய கப்பல்கள் கரையை அணுகாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தவை சலங்குகள். இச்சலங்கு என்னும் தமிழ்ச்சொல்லையே பிரெஞ்சுக்காரர் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். சலங்கின் பலகைகளை ஆணி அடித்துப் பொருத்தமாட்டார்கள், கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் அகப்பட்டுத் தரையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ சற்றே வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர், கப்பல் வரவு இந்நகர வாழ்வில் எத்துணைப் பெரிய செய்தியாக இருந்தது என்பதைக் காண்பர். சரக்கு இறக்குவதை எளிதாக்க 1866ஆம் ஆண்டில் கடலுக்குள் ஒரு பாலம் கட்டப்பட்டது. 1952ஆம் ஆண்டுப் புயல் அதனை அழித்துவிட்டது.

இத்தகைய கடலில் படகு சரக்கைச் சுமக்கலாம். அசையாமல் நின்று வணிகம் செய்ய இயலாது. ஒரு கையால் தராசைப் பிடித்து மறு கையால் காயை அள்ளிப் போடவேண்டுமானால், படகின் கீழே நீர் அமைதியாக இருக்கவேண்டும். நம் கடல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இனிப் பெரிய வாய்க்காலைப் பார்ப்போம். அது அமைதியாகத்தான் இருக்கிறது. செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் இடையே சென்று கடலில் கலக்கிறது. ஆயினும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது இரண்டு நகரங்களைப் பிரிக்கும் எல்லையாகவும், மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வடிகாலாகவுமே பயன்பட்டது. அதன் கிழக்கே வெள்ளையர் நகரமும் மேற்கே தமிழர் நகரமும் இருந்தன. தோட்டங்கள் உள்ள சிற்றூர்களை அவ்வாய்க்கால் நகரோடு இணைக்கவில்லை. ஊரிலிருந்து காய் கொண்டுவரும் உழவர் தலைச்சுமையாகவோ மாட்டுவண்டியிலோ கொண்டுவந்தனர். ஆகையால் சாலைகள் வந்து கூடும் இடத்தில் அங்காடி அமைந்தது. அதுவே பெரிய கடை. பிற்காலத்தில், 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான குபேர் அவர்களின் பெயரால் குபேர் அங்காடி என்று வழங்கலாயிற்று.

தமிழர் படகு வணிகம் அறியாதவர் என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. உப்பை ஏற்றிச் சென்று விற்று, அதற்கு மாறாக நெல்லைப் பெற்றுத் திரும்பிய படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிகளில் கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. நம் ஊருக்கு அருகிலேயே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் வீலர் என்னும் அறிஞர் நடத்திய அகழாய்வு, உரோம நாட்டோடு அவ்வூருக்கு இருந்த வணிகத் தொடர்பை உலகறியச் செய்தது. அலை மோதும் கடற்கரையை விட்டு ஆற்றின் ஓரத்தை அப்பழைய வணிகர்கள் தேர்ந்துகொண்டது கருதத்தக்கது. அமைதியான நீரின் அருமையை அவர்கள் அறிந்திருந்தனர்.

எனினும் நீர்மேலேயே ஒரு கடைத்தெரு அமைவதற்கு அமைதியான நீர் மட்டும் போதாது. மூன்று பொருத்தங்கள் கூடவேண்டும். முதலாவது, நீரே அந்நாட்டின் தெருவாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, விளைநிலமும் வீடும் நீரை நோக்கி அமைந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, ஆணும் பெண்ணும் மிதிவண்டி ஓட்டுவதுபோல எளிதாகத் துடுப்புப் போடத் தெரிந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் பெரிய ஆறுகள் கடலோடு கலக்கும் தாழ்ந்த வண்டல் நிலத்தில் கூடுகின்றன. சயாமில் சாவ் பிரயா, மேக்ளாங் ஆகிய ஆறுகளின் கழிமுகங்களும், வியட்நாமில் மேகாங் ஆற்றின் கழிமுகமும் அத்தகையன.

பாங்காக் நகரம் 1782இல் தலைநகராயிற்று. அக்காலத்தில் அங்கே வாய்க்கால்களே வீதிகள். மூங்கில் தெப்பத்தின்மேல் வீடுகட்டி ஆற்றிலேயே குடியிருந்தவர்களும் பலர். புதிய முறையில் அமைந்த முதல் சாலையே 1862க்கும் 1864க்கும் இடையில்தான் போடப்பட்டது. அதே காலத்தில் மற்றொரு புறம் வாய்க்கால் வெட்டும் பணியும் நடந்தது. நான்காம் இராமன் என்னும் மோங்குட் மன்னர் ஆணையிட, 1866இல் தொடங்கி 1868இல் முடிந்த ஒரு வாய்க்கால் மேக்ளாங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைத்தது. அதன் நீளம் ஏறக்குறைய 32 கிலோமீட்டர். தம்னோன் சதுவாக் என்பது அதன் பெயர். எளிய பயணம் என்பது அப்பெயரின் பொருளாம்.

பெயருக்கேற்ப மக்கள் பயணம் எளிதாயிற்று. உழவர்கள் அப்பெரிய வாய்க்காலிலிருந்து தம் நிலங்களுக்குச் சிறு கால்வாய்கள் பல வெட்டிக்கொண்டனர். வெட்டிய மண்ணை இருபுறமும் உயர்த்திப் பாத்தியாக்கித் தென்னையும் காய்கறியும் கனிமரங்களும் வளர்த்தனர். நம் ஊரில் வீட்டின் முன் திண்ணை இருப்பதுபோல, அங்கே வீட்டின் முன் நீருக்குள் இறங்கும் படிக்கட்டு இருந்தது. அறுத்த காயைப் படகில் ஏற்றினால், கரை ஏறாமலே சந்தைக்குப் போய்விடலாம். வாங்க வருபவரும் படகில்தான் வருவார். இருவரும் சந்திக்கும் இடம் நீராகத்தானே இருக்க முடியும்? மிதக்கும் சந்தை எவரோ எண்ணிப் பார்த்து அமைத்த புதுமை அன்று. தெரு நீராக இருந்தமையால் கடையும் நீரில் அமைந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அப்பகுதி வாய்க்கால்களில் கடலின் ஏற்றவற்றத்திற்கு ஏற்ப நீர் உயரும், தாழும். நீர் தாழ்ந்த வேளையில் சிறு கால்வாய்களில் படகு செல்லாது. ஏற்றவற்றம் திங்களைப் பொறுத்தது என்பதை நீங்கள் பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே தா கா என்னும் ஊரில், வளர்பிறை தேய்பிறை இரண்டிலும் 2, 7, 12ஆம் நாள்களில் சந்தை கூடுவது வழக்கமாயிற்று. நம் நாட்டுப்புறங்களில் செவ்வாய்ச் சந்தை, வெள்ளிச் சந்தை என்று கிழமை குறித்துக் கூடுகிறோம். அவர்கள் நிலவைப் பார்த்துக் கூடினர். இப்பொழுது தா கா சந்தை வார இறுதி நாள்களிலும் நடைபெறுகிறது. விடுமுறையில் வருவோருக்குத் திதி தெரியாது அல்லவா?

இனி, அத்தகைய சந்தைக்கு நாம் ஒருமுறை சென்று வருவோம். பாங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் தம்னோன் சதுவாக் இருக்கிறது. விடியுமுன் புறப்பட வேண்டும். வெயில் ஏறிய பிறகு சென்றால் கூட்டத்தில் படகும் நகராது. நல்ல காயும் கிடைக்காது. கரையில் படகு வாடகைக்குக் கிடைக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது. ஏறிய பின் பேரம் பேச நமக்கு வலிமை இராது.

படகு குறுகியது, அடி தட்டையானது. உள்ளே ஏறும்போது நடுவில் கால் வைத்து உடனே அமர்ந்துவிட வேண்டும். எதிரே வரும் படகுகளைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்களே ஓட்டுகின்றனர். தலையில் பனையோலையால் செய்த அகன்ற தொப்பி. அது காற்றோட்டமாகத் தலையைத் தொடாமல் நிற்கும்படி உள்ளே ஒரு கூடு வைத்துப் பின்னப்பட்டிருக்கும். ஒரு படகில் பம்பளிமாசும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கின்றன. இன்னொரு படகில் இளநீர். வேறொன்றில் தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம். நம் கருப்பட்டியை அறிந்தவர்க்கு அதன் மணமே வழிகாட்டும்.

அதோ, ஒரு படகில் அடுப்பு எரிகிறது. சிறுசிறு குழிகள் உள்ள வார்ப்புச் சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவை ஊற்றுகிறாள் ஒரு மூதாட்டி. மூடி வைத்து, சற்றுப் பொறுத்து, கரண்டியால் நெம்பி எடுக்கிறாள். அடி மொறுமொறுப்பாகவும் நடு குழைவாகவும் வெந்திருக்கிறது. நம் வீட்டுக் குழிப்பணியாரத்தைக் கண்ட மகிழ்ச்சி உங்களுக்கு உண்டாகும். அங்கே அதற்கு கனோம் குரோக் என்று பெயர். எந்நாட்டார் எந்நாட்டாரிடம் கற்றனர் என்று ஆராயப் புகுவதைவிட, அரிசியும் தேங்காயும் விளையும் நாடுகளில் அடுக்களைகள் ஒன்றுபோலவே சிந்திக்கின்றன என்று கொள்வது தகும்.

மாம்பழக் காலமாயின், பழத்துண்டுகளோடு தேங்காய்ப்பால் ஊற்றிய பசையரிசிச் சோறும் கிடைக்கும். செட்டிநாட்டில் கவுனியரிசி உண்டவர்க்கு அதன் பசை புதிதாகத் தோன்றாது. இறைச்சி உண்பவர்கள் படகுச் சேமியா என்று கூறத்தக்க ஓர் உணவைச் சுவைத்துப் பார்க்கலாம். அரிசிச் சேமியாவை வெந்நீரில் அமிழ்த்தி எடுத்து, சிறிது இரத்தமும் சேர்த்துக் கொதிக்கவைத்த கரிய குழம்பை அதன்மேல் ஊற்றித் தருவர். கிண்ணம் மிகச் சிறியது; நான்கைந்து வாய்க்குமேல் வராது. அதற்கு ஒரு காரணம் கூறுவர். படகில் இருப்பவர் ஒருவரே. துடுப்புப் போடுவதும், சமைப்பதும், காசு வாங்குவதும் அவர் வேலைதான். பெரிய கிண்ணத்தில் நிறைத்துக் கைநீட்டிக் கொடுத்தால், படகு ஆடும்போது குழம்பு சிந்தி வாங்குபவர் கையைச் சுட்டுவிடும். ஆகவே சிறு கிண்ணத்தில் கொடுத்தனர். பசித்தவர் பல கிண்ணம் வாங்கினர். கிண்ணத்தின் அளவையும் அந்தத் தண்ணீரே முடிவு செய்தது எனலாம்.

சயாமைப் பற்றி இவ்வளவு கூறினேன். மிதக்கும் சந்தையோடு புதுச்சேரிக்கு நேரான தொடர்பு ஒன்று உண்டு. அது சயாமில் இல்லை; அண்டைநாடான வியட்நாமில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் சைகோனையும் மேகாங் கழிமுகத்தையும் கைப்பற்றி ஆண்டபோது, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் பலர் அங்கே சென்றனர். சிலர் அரசு அலுவல்களில் அமர்ந்தனர். சிலர் காவல் துறையிலும் படையிலும் சேர்ந்தனர். வேறு சிலர் வணிகம் செய்தனர். உங்கள் தெருவிலேயே, தாத்தாவோ பாட்டியோ சைகோனில் இருந்ததாகக் கூறும் குடும்பம் ஒன்று இருக்கக்கூடும். அரிசித்தாளில் இறைச்சியும் காயும் வைத்துச் சுருட்டிப் பொரித்த நெம் என்னும் பண்டம் நம் ஊர் வீடுகள் சிலவற்றில் பண்டிகைப் பலகாரமாகிவிட்டது. அது அங்கிருந்து கப்பலேறி வந்ததேயாகும்.

அந்த மேகாங் கழிமுகத்தில், கான் தோ நகருக்கு அருகே, காய் ராங் என்னும் மிதக்கும் சந்தை இருக்கிறது. சயாமின் சந்தைகளைப்போல் சிறு படகுகள் மட்டும் கூடும் இடமன்று அது. பூசணி, அன்னாசி, வள்ளிக்கிழங்கு முதலியவற்றைப் பெரும் படகுகளில் கொண்டுவந்து மொத்தமாக விற்கும் சந்தை. இயந்திர ஒலி நிறைந்த ஆற்றில் கூவி விற்றால் எவர் காதில் விழும்? ஆகவே ஒவ்வொரு படகிலும் நெடிய மூங்கில் ஒன்றை நட்டு, தாம் விற்கும் பொருளில் ஒன்றை அதன் உச்சியில் கட்டித் தொங்கவிடுவர். பூசணி தொங்கினால் அது பூசணிப் படகு. எழுத்தறியாதவரும் தொலைவிலிருந்தே படிக்கத்தக்க பெயர்ப்பலகை அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படகிலேயே குடியிருக்கும் குடும்பத்தார் துணிகளை உலர்த்தத் தொங்கவிடுவர். அவை விற்பனைக்கு அல்ல. குழம்பும் காப்பியும் விற்கும் சிறு படகுகளோ எதையும் தொங்கவிடா; குழம்பை எப்படித் தொங்கவிடுவது? மூங்கிலில் கூரை வேயும் ஓலை ஒன்று தொங்கினால், ஓலை விற்கிறார் என்று எண்ணி ஏமாறக் கூடாது. அந்தப் படகே விற்பனைக்கு இருக்கிறது என்பது அதன் பொருள்.

நம் இந்தியாவிலும் இத்தகைய சந்தை ஒன்று பழமையாக நடந்து வருகிறது. காசுமீரத்தில் சிறீநகர் தால் ஏரியில், கோரைப்புல்லும் நீர்ச்செடிகளும் சேர்த்து அமைத்த மிதக்கும் தோட்டங்கள் உண்டு. அவற்றில் விளையும் காய்கறிகளையும் தாமரைத் தண்டையும் படகில் ஏற்றி, இருள் பிரியும் வேளையில் ஏரியின் ஓரிடத்தில் உழவர்கள் கூடுவர். நகர வணிகர்களும் படகில் வந்து வாங்குவர். வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்து படகுகள் கலைந்துவிடும். தோட்டமே நீரில் இருப்பதால் சந்தையும் நீரில் இருக்கிறது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டையும் கூறவேண்டும். கொல்கத்தாவில் பாட்டுலி என்னும் இடத்தில், சாலையை அகலப்படுத்தியபோது கடையிழந்த வணிகர்களுக்காக, 2018 சனவரியில் ஒரு மிதக்கும் சந்தை திறக்கப்பட்டது. தாய்லாந்துச் சந்தைகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது அது. ஒரு நீர்நிலையில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகளை நிறுத்தினர். வாங்குவோர் பலகைப் பாதையில் நடந்து வந்தனர். திறந்த நாளில் பெருங்கூட்டம் கூடியது. ஆனால் காயும் மீனும் அங்கே நீர்வழியாக வரவில்லை. வாங்குபவரும் நீர்வழியாக வரவில்லை. கட்டிக்கிடந்த படகுகள் பழுதடைகின்றன, வாணிகம் குறைகிறது என்ற செய்திகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே வரத் தொடங்கின. படகு இருந்தது, படகுக்கான தேவை இல்லை.

நண்பர்களே, தேவை இல்லாத படகு என்னும் இந்தச் சிக்கல் கொல்கத்தாவுக்கு மட்டும் உரியதன்று. சயாமின் பழைய சந்தைகளுக்கும் அது வந்தது. 20ஆம் நூற்றாண்டில் பாங்காக்கின் வாய்க்கால்கள் பலவற்றைத் தூர்த்துச் சாலைகள் போட்டனர். நாட்டுப்புறங்களுக்கும் சாலை வந்தது. துடுப்புப் போட்டு மூன்று மணி நேரம் செல்லவேண்டிய வழியை லாரி அரைமணியில் கடந்தது. உழவர் காயை லாரியில் ஏற்றினார். வீட்டின் வாயில் வாய்க்காலிலிருந்து சாலைப்பக்கம் திரும்பியது. பல ஊர்களில் மிதக்கும் சந்தைகள் ஓசையின்றி மறைந்தன. தம்னோன் சதுவாக்கில் சந்தை நிலைத்ததற்கு, 1970களிலிருந்து அங்கே வரத்தொடங்கிய சுற்றுலாப் பயணிகளே பெருங்காரணம்.

இன்று அங்கே செல்வோர் இரண்டு காட்சிகளைக் காண்பர். பணியாரம் சுடும் மூதாட்டியும் பழம் விற்கும் படகும் இருக்கின்றன. கரையின் இருமருங்கிலும் விசிறி, மரயானை, அச்சிட்ட சட்டை முதலியவற்றை விற்கும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. அவை பாங்காக் நகரக் கடைகளிலும் கிடைப்பனவே. படகுகள் பல, அவற்றுள் பெரும்பாலானவை பார்க்க வந்தவர்களைச் சுமப்பவை. அவ்வூர் இல்லத்தரசி அன்றைய சமையலுக்குக் காய் வாங்க அங்கே வருவது அரிதாகிவிட்டது.

இதனைக் கண்டு, பயணிகள் சந்தையைக் கெடுத்துவிட்டனர் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் வந்ததால்தான் சந்தை பிழைத்தது என்று கூறுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பயணிகள் வாராவிடின், பணியாரம் சுடும் அம்மூதாட்டி என்றோ படகைக் கரையேற்றியிருப்பாள். அவள் பிழைப்பை எளிதாக எண்ணிப் பேச நமக்கு உரிமை இல்லை. அம்பவா என்னும் ஊரில் மறைந்துபோன சந்தையை 2004இல் மீண்டும் தொடங்கினர். வார இறுதி மாலைகளில் படகுகளில் இறாலும் கணவாயும் சுடுகின்றனர். மக்கள் படிக்கட்டில் அமர்ந்து உண்கின்றனர். அங்கே வருவோருள் பெரும்பாலார் தாய்லாந்து மக்களே. ஆகவே அது காட்சிப்பொருள் ஆகாமல், ஊராரின் மாலைப்பொழுதுக்கு உரிய இடமாக இருக்கிறது. காய் ராங் சந்தையை வியட்நாம் அரசு 2016இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. எனினும் சாலைகளும் பாலங்களும் பெருகியதால் அங்கே கூடும் படகுகள் குறைந்துகொண்டே வருகின்றன. விருது கொடுத்துச் சந்தையைப் போற்றலாம். பூசணியை மீண்டும் படகில் ஏற்ற விருதால் இயலாது.

இப்பொழுது நம் பெரிய கடைக்குத் திரும்புவோம். நேரு வீதியிலிருந்து உள்ளே நுழைந்தால் பூக்கடைகளின் மணம் எதிர்கொள்ளும். காய்கறிப் பகுதி, கனிப் பகுதி, மளிகைப் பகுதி என்று குறுகிய சந்துகள் செல்லும். மீன் பகுதியில், கடற்கரைக் குப்பங்களிலிருந்து கூடை சுமந்து வந்த பெண்கள் அமர்ந்திருப்பார்கள். விலை கேட்கும் உங்கள் கண்ணைப் பார்த்தே, உங்களுக்கு மீன் வாங்கத் தெரியுமா தெரியாதா என்று அவர்கள் அறிந்துகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமையோ மகாத்மா காந்தி சாலையே ஒரு சந்தையாகிவிடும். துணியும் பாத்திரமும் பழைய நூலும் நடைபாதையில் பரப்பியிருக்க, மாலைமுதல் இரவுவரை குடும்பம் குடும்பமாக மக்கள் நடப்பார்கள். வாங்குவதற்காக வந்தவர் பாதி, பொழுதுபோக்க வந்தவர் பாதி. தின்பண்ட வண்டிகளுக்கு இருபாலாரும் வேண்டியவர்களே.

இந்த அங்காடிக்கும் காலம் தன் வினாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் குபேர் அங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் எழுந்தபோது, அங்கே கடை வைத்திருப்போர் கவலையுற்று எதிர்ப்புத் தெரிவித்தனர். கட்டடம் பழுதானால் புதுப்பிக்கத்தான் வேண்டும். மழைநீரும் குப்பையும் தேங்கும் இடத்தில் உணவுப்பொருள் விற்பது நன்றன்று. அதே வேளையில், கூடைக்காரப் பெண்ணுக்கும் கீரைக்கட்டு விற்பவருக்கும் புதிய கட்டடத்தில் எங்கே இடம் என்ற கேள்வியும் நேர்மையானதே. இதில் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. மிதக்கும் சந்தைகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். சந்தையின் உயிர் அதன் கூரையிலும் இல்லை, படகிலும் இல்லை. விளைவிப்பவர் எளிதாக வந்து சேரும் வழியும், அன்றாடச் சமையலுக்கு வாங்குபவர் தொடர்ந்து வரும் பழக்கமும் இருக்கும்வரை சந்தை வாழும். அவ்விரண்டில் ஒன்று போனாலும், எஞ்சுவது புகைப்படம் எடுக்க ஏற்ற ஓர் இடமே.

நம் நகருக்கும் வார இறுதியில் பயணிகள் பெருந்திரளாக வருகின்றனர். அவர்கள் பெரிய கடையையும் பார்க்கின்றனர். வரட்டும், நாமும் தாய்லாந்து செல்லும்போது அப்படித்தானே செல்கிறோம்? ஆனால் நம் ஊர்க் கடைக்கு நாமே விருந்தாளியாகிவிடக் கூடாது. பொட்டலத்தில் கட்டிய காயை வீட்டு வாயிலிலேயே பெற்றுக்கொள்ளும் வசதி இன்று வந்துவிட்டது. சயாமில் சாலை வந்தது போன்றதே இதுவும். வசதியை வேண்டாம் என்று எவரும் ஒதுக்கமாட்டார். நானும் ஒதுக்கச் சொல்லவில்லை. எனினும் கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்கவும், மீனைச் செவுள் பார்த்து வாங்கவும் தெரிந்த தாய்மார் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அந்த அறிவு நூலில் இல்லை. அவர்களோடு கடைக்குச் சென்றால்தான் கிடைக்கும்.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி தருகிறேன். வரும் விடுமுறையன்று காலையில் எழுந்து, உங்கள் அன்னையோடோ பாட்டியோடோ பெரிய கடைக்குச் செல்லுங்கள். கையில் பை ஒன்று இருக்கட்டும். கீரை விற்பவரிடம் எந்த ஊரிலிருந்து வருகிறார், எதில் ஏறி வந்தார், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, இரண்டு கட்டுக் கீரையும் வாங்குங்கள். பின்னொரு நாள் தம்னோன் சதுவாக்கிற்கோ காய் ராங்கிற்கோ செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டலாம். அன்று, படகில் பணியாரம் சுடும் மூதாட்டியிடமும் அதே கேள்விகளைக் கேட்க உங்களுக்குத் தோன்றும். மொழி தெரியாவிட்டாலும் அவள் புரிந்துகொள்வாள். குழியிலிருந்து சூடாக எடுத்த ஒன்றை உங்கள் கையில் வைப்பாள்.